பீடி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் பதினாறாம் நாளில் திசையன்விளையில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பீடியை விட்டிருந்தால் மனிதர் இன்னும் இருந்திருப்பார்" என்றார் ஒருவர். சன்னலுக்கு அந்தப் பக்கம் சித்தி இருந்தார்.

துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். சித்தப்பாவைக் கொன்றது மீசோதீலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய். அது பீடியால் வருவதில்லை, கல்நாரால், அதாவது ஆஸ்பெஸ்டாஸால் வருகிறது. நார் உள்ளே போய் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வரும்.

1985-ல், 22 வயதில் பம்பாய்க்குப் போனார். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 14 ஆண்டுகள். என்ஜின் அறையில் நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த பழைய கல்நாரைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். காற்றே வராத அறை. மூக்கை மறைக்க ஒரு துண்டு, அவ்வளவுதான். கோடை விடுமுறைக்குத் தாராவி போயிருந்தபோது நானே பார்த்திருக்கிறேன்: மாவு மில்லிலிருந்து வருகிறவரைப் போலப் புருவம் வெளுத்து வருவார். அந்தச் சட்டையைச் சித்தி வாசலில் நின்று உதறுவார். வெயிலில் தூசி மினுங்கும். அதைப் பிடிக்க நான் கை நீட்டி ஓடியிருக்கிறேன்.

2022-ல் மூச்சுத் திணறல் வந்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் ஊசி குத்தி நீரை எடுத்தால் மறுவாரமே மறுபடி கோத்துக்கொள்ளும். சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். "உங்கள் பெயர் எங்கள் ஏட்டில் இல்லை. நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆள்." இரண்டே வரி. டிரங்குப் பெட்டியில் அவருடைய கேட் பாஸ் இருக்கிறது. முகம் மங்கிவிட்டது, முத்திரை மங்கவில்லை.

கல்நார்த் தொழிலாளர்களுக்கான வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டும். அது கல்நார் ஆலைகளுக்குத்தானே என்று சட்டம் படித்த தம்பி ஒருவர் கேட்கலாம். கப்பலுக்குள் இருந்ததும் அதே நார்தான் தம்பி. ஒப்பந்த ஆள் என்பதும் செல்லாது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின்படி ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஏடு வைத்திருக்க வேண்டியது அவர்கள். ஏடு இல்லையென்றால் அது அவர்கள் குற்றம், சித்தப்பாவின் குற்றம் அல்ல.

பீடி குடித்தார், நான் மறைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு பீடி. நுரையீரல் புற்றுநோயாக இருந்தால்கூட, புகையும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும் என்றுதான் மருத்துவம் சொல்கிறது; கல்நார் நல்லது என்று எங்கும் சொல்லவில்லை. அப்படியிருக்க உங்கள் கண்ணுக்குப் பீடி மட்டும் ஏன் தெரிகிறது? பீடி என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டாம், செத்தவர் தலையிலேயே கட்டிவிடலாம் என்பதாலா?

"அந்தக் கப்பல் வேலைதானே வீடு கட்டிக் கொடுத்தது" என்றும் ஒரு குரல் கேட்டது. ஆமாம், கட்டினார். அந்த வீட்டின் முன்னறையில்தான் கடைசி நான்கு மாதம், படுத்தால் மூச்சு முட்டும் என்று, சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். சொன்னவர்களில் எத்தனை பேர் அப்போது வந்து எட்டிப் பார்த்தீர்கள்?

இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். கேட்கத்தான் போகிறோம். அவரோடு வேலை பார்த்தவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். சாட்சி சொல்ல வாருங்கள், கேட் பாஸ், கூலிச் சீட்டு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள்.

எனக்கு இப்போது பயம் சித்தியை நினைத்துத்தான். துவைக்கும்போது சட்டையிலிருந்து பறந்த தூசியாலேயே நோய் வந்த பெண்கள் பல நாடுகளில் உண்டு. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவோம் என்று நேற்றும் கெஞ்சினேன். "அவருக்கு எடுத்த படமெல்லாம் போதும் ராசா" என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த அவருடைய வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.