டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு 90,000 டாலர் கல்லூரி வேண்டாம்

ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் டாலஸ் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரே பேச்சுதான். "பிள்ளைக்கு எங்க கிடைச்சுது?" போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து காரை எடுக்கப் போனபோது ஒரு தங்கை என்னை நிறுத்தினாள். மகளுக்குக் கிழக்குக் கரையில் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல். உதவித்தொகை ஒரு டாலர்கூட இல்லை. இங்கேயே ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் முழு டியூஷனுக்கும் ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது.

"அக்கா, அவ டாக்டராகணும்கிறா. பெரிய காலேஜ்ல படிச்சாத்தானே நல்ல மெடிக்கல் ஸ்கூல் கிடைக்கும்? வீட்டு மேல லோன் போட்டுடலாம்னு அவர் சொல்றார்."

என் பையன் பின்சீட்டில் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அந்த "வீட்டு மேல லோன்" என்ற வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மே 1க்குள் முடிவெடுக்க வேண்டிய எல்லா வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஸ்கூல் போகவேண்டும் என்று நினைக்கும் பிள்ளையின் முதல் நான்கு வருடப் படிப்புக்கு, கல்லூரியின் பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள்.

நம் மனதில் இருப்பது ஊர் கணக்கு. பிளஸ் டூ முடித்தால் எம்பிபிஎஸ், எந்தக் கல்லூரியில் சேர்ந்தோமோ அதுவே வாழ்நாள் முழுக்க நம் அடையாளம். இங்கே அப்படி இல்லை. நான்கு வருடம் இளங்கலை, பிறகு நான்கு வருடம் மெடிக்கல் ஸ்கூல், அதன்பின் பிரிவைப் பொறுத்து 3 முதல் 7 வருடம் வரை ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. 'ப்ரீ-மெட்' என்று ஒரு பட்டமே கிடையாது. உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் புள்ளியியல், சமூகவியல், உளவியல். இவற்றை முடித்துவிட்டு, மேஜராக வரலாறுகூட எடுக்கலாம். இந்தப் பாடங்கள் எல்லா ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் இருக்கின்றன. பென்சீன் வளையம் பாஸ்டனில் ஒரு மாதிரியும் எங்கள் பக்கத்து ரிச்சர்ட்சனில் ஒரு மாதிரியும் வினைபுரிவதில்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 பேர் எம்.டி. படிப்புக்கு (இங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே அதுதான்) விண்ணப்பிக்கிறார்கள், 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்கிறவர்களின் ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடும் கல்லூரி மதிப்பெண், சராசரியாக 3.8க்குப் பக்கம். எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் 528க்குச் சராசரி 512ஐ ஒட்டி. அந்த எம்கேட் எல்லோருக்கும் ஒரே தேர்வு. ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளையின் மதிப்பெண்ணில் எந்தக் கல்லூரி என்று எழுதியிருக்காது. அதற்கு மேல் கேட்பது மருத்துவமனை அனுபவம், சேவை, ஆராய்ச்சி, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். கல்லூரியின் பெயருக்கு எடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில பெரிய ஆராய்ச்சிப் பள்ளிகளில் கொஞ்சம் இருக்கும். ஆனால் பெரிய பெயரும் 3.4 ஜிபிஏவும் ஒரு பக்கம், ஸ்டேட் யுனிவர்சிட்டியும் 3.9ம் ஒரு பக்கம் என்றால், எனக்கு அதில் இரண்டாவது யோசனையே இல்லை.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்ல வேண்டும். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால், பணக்காரத் தனியார் பல்கலைக்கழகம்தான் சில சமயம் எல்லாவற்றையும்விட மலிவு. அவர்களிடம் நிதி இருக்கிறது, தேவையைப் பார்த்து முழுச் செலவையும் ஏற்பார்கள். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்' இருக்கவேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசின் கட்டாயம். உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். மலிவாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். நான் பேசுவது இரண்டு ஐடி சம்பளம் வரும் வீடுகளைப் பற்றி. உதவி கிடைக்காத அளவுக்கு வருமானம், கையிலிருந்து கட்ட முடியாத அளவுக்குக் கட்டணம். நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பணம். ஆண்டுக்கு 90,000 என்றால் நான்கு வருடத்துக்கு 3,60,000 டாலர். அதை முடித்து வெளியே வரும்போதுதான் மெடிக்கல் ஸ்கூல் செலவு தொடங்குகிறது. பல தனியார் மெடிக்கல் ஸ்கூல்களில் வாழ்க்கைச் செலவும் சேர்த்து அதுவும் ஆண்டுக்கு 90,000ஐத் தாண்டும். இதுவரை ஒரு வழி இருந்தது. 'கிராட் ப்ளஸ்' என்ற மத்திய அரசுக் கடனில் முழுச் செலவையும் பிள்ளை தன் பெயரிலேயே வாங்கிக்கொள்ள முடியும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் ப்ளஸ் கிடையாது. மெடிக்கல் மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. பெற்றோர் வாங்கும் 'பேரன்ட் ப்ளஸ்' கடனுக்கும் வரம்பு வந்துவிட்டது, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. இந்த வருடம் கல்லூரியில் சேரும் பிள்ளை மெடிக்கல் ஸ்கூல் வாசலில் நிற்கும்போது இந்த விதிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மீதிப் பணம் எங்கிருந்து வரும்? தனியார் வங்கிக் கடன், இல்லையென்றால் நம் சேமிப்பு. அந்தச் சேமிப்பைத்தான் நாம் முதல் நான்கு வருடத்திலேயே கொட்டிவிடப் பார்க்கிறோம்.

எங்கள் உறவில் ஒரு பையன். பெயரோ ஊரோ வேண்டாம், அவன் கல்லூரியின் பெயரும் வேண்டாம். கேட்டால் நாலு பேர் வாயைப் பிளக்கிற பெயர். இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி ப்ளஸ். வகுப்பில் எல்லோருமே ஊரில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், மதிப்பெண்ணும் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் போடுவது. ஜிபிஏ 3.3க்கு இறங்கியது. மூன்றாம் வருடம், மெடிக்கல் ஸ்கூலுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் அந்தக் கல்லூரியின் ப்ரீ-மெட் கமிட்டி, "இந்த ஜிபிஏவுக்கு எங்கள் கடிதம் தர முடியாது" என்று சொல்லிவிட்டது. அப்படி ஒரு விதி இருப்பதே சேரும்போது யாருக்கும் தெரியாது. "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் மெடிக்கல் ஸ்கூல் போகிறார்கள்" என்று பெருமையாகச் சொல்வது இப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சியவர்களைக் கணக்கில் வைத்து.

ஆனால் எனக்கு இன்றும் வலிப்பது அது இல்லை. இரண்டாம் வருடம் பாதியிலேயே அவனுக்கு மருத்துவமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. புள்ளியியல் பிடித்திருந்தது. இதை அவன் ஒன்றரை வருடம் வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன். "அத்தை, அப்பா அவ்வளவு கட்டிட்டார். நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை, மனதை மாற்றிக்கொள்ளும் உரிமையைக்கூடக் கடனுக்கு அடகு வைத்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறான். முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சொல்லும் பிள்ளைகளில் ஏராளமானோர் வழியில் விலகிவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை, பதினெட்டு வயதில் எடுத்த முடிவை இருபதில் மாற்றுவது இயல்பு. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கிற கட்டணம்தான் சரியான கட்டணம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

என் மகள் 2023ல் ரிச்சர்ட்சனில் இருக்கும் ஸ்டேட் யுனிவர்சிட்டியான யுடி டாலஸில் சேர்ந்தாள். ஸ்காலர்ஷிப், வீட்டிலிருந்தே போய்வருவது. மனமுவந்து சேரவில்லை. வேறு மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்திருந்தது, அதன் ஸ்வெட்ஷர்ட்கூட வாங்கி வைத்திருந்தாள். நாங்கள் முடியாது என்றதும் ஒரு வாரம் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. "நீங்கல்லாம் கவர்ன்மென்ட் காலேஜ்ல படிச்சு அமெரிக்கா வந்தீங்க, எனக்கு மட்டும் ஏன் ஆசை இருக்கக் கூடாதா?" என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி. நான் 1999ல் கவுன்சிலிங்கில் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கியவள். ஒரு வருடக் கட்டணம் அப்பாவின் ஒரு மாத வாத்தியார் சம்பளத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் அக்காவின் கல்யாணம் தடைபடாமல் நடந்தது. நம்மைத் தூக்கிவிட்டதே மலிவான நல்ல கல்லூரிதான். இங்கே வந்தபின் அதே மாதிரிக் கல்லூரியை நாம் இளக்காரமாகப் பார்ப்பது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது அவள் மூன்றாம் வருடம், எம்கேட்டுக்குப் படிக்கிறாள். இரண்டாம் வருடமே ஒரு லேபில் சேர்ந்துவிட்டாள். டாலஸில் பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில் இருப்பதால் வாரம் ஒருநாள் தன்னார்வ வேலை. மெடிக்கல் ஸ்கூல் கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டாலும், அவள் வேண்டாம் என்றாலும், அவள் பெயரில் ஒரு டாலர் கடன் இல்லை.

டெக்சாஸ்காரர்களுக்கு இன்னொன்று. இங்குள்ள அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் குறைந்தது 90 சதவீத இடங்களை மாநிலத்தவருக்கே தரவேண்டும் என்பது சட்டம். டியூஷனும் ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டித்தான், நாட்டிலேயே குறைந்த கட்டணங்களில் ஒன்று. இதை விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜாம்ப் என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. ஸ்காலர்ஷிப்போடு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒரு டெக்சாஸ் மெடிக்கல் ஸ்கூலில் இடமும் உறுதி. மற்ற மாநிலத்தவர்கள் தங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று தேடவேண்டும். நியூயார்க்கில் இருப்பவர்கள் நகரப் பல்கலைக்கழகமான க்யூனியில் இளங்கலையும் மெடிக்கல் ஸ்கூலும் சேர்ந்த ஏழு வருடத் திட்டத்தைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ், ஜார்ஜியாவில் ஜெல் மில்லர் என்று மாநில ஸ்காலர்ஷிப்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத கல்லூரி என்று ஒதுக்கவும் வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் சேவியர் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களை மருத்துவத்துக்கு அனுப்புவதில் பல பத்தாண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது.

எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நான் தனியாக எழுத வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு 21 வயது ஆகும்போது எச்4 போய்விடும். அதாவது கல்லூரி மூன்றாம், நான்காம் வருடத்தில் மாணவர் விசாவான எஃப்1க்கு மாற வேண்டும். எச்4லும் சரி, எஃப்1லும் சரி, மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. கிரீன் கார்டு இல்லாதவர்களின் விண்ணப்பத்தையே பல மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதில்லை. எடுக்கும் சில பள்ளிகள் முன்பணமாகப் பல வருடக் கட்டணத்தைக் காட்டச் சொல்கின்றன. இந்த நிலையில் கையிருப்பை இளங்கலைக்கே செலவழித்துவிட்டால், இடம் கிடைத்தும் சேர முடியாமல் போகும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் எச்4 பிள்ளைகளுக்கும் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும், அதை முதலில் கேட்டு வாங்குங்கள். விசா நிலவரத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள். கஷ்டமான பேச்சுதான். ஆனால் இருபது வயதில் கல்லூரி அலுவலகத்தில் யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அம்மா அப்பா சொல்லித் தெரிவது மேல்.

ஹைஸ்கூலில் டூயல் கிரெடிட், அதாவது பள்ளியிலிருந்தே கல்லூரிப் பாடம், எடுக்கும் பிள்ளைகள் கவனம். செலவு குறையும், நல்லதுதான். ஆனால் அந்தப் பாடத்தில் வாங்கிய சி, மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தின் ஜிபிஏவிலும் வந்து உட்காரும். திரும்ப எழுதினாலும் பழையது அழியாது. அதேபோல ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ வேண்டும் என்று பாருங்கள். ஜெல் மில்லருக்குக் கல்லூரியில் 3.3. முதல் செமஸ்டர் தடுமாறினால் பறிபோகிற ஸ்காலர்ஷிப்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அந்தத் தங்கைக்கு நேற்று போன் செய்தேன். முடிவைச் சொல்லவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். இரண்டு கல்லூரிகளிலும் மருத்துவம் போக நினைக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ப்ரீ-ஹெல்த் அலுவலகத்துக்கும் மகளையே மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். அட்மிஷன் அலுவலகத்துக்கு இல்லை, அவர்கள் அழகான படம்தான் அனுப்புவார்கள். கேட்க வேண்டியவை இவை. கமிட்டிக் கடிதம் உண்டா, அதற்குக் குறைந்தபட்ச ஜிபிஏ என்ன? முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பித்தார்கள்? ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர், இலவச டியூட்டரிங் உண்டா? முதல் வருட மாணவருக்கு லேபில் இடம் தருவார்களா? பக்கத்து மருத்துவமனைக்குக் கார் இல்லாமல் போக முடியுமா?

ஸ்டேட் யுனிவர்சிட்டியிலிருந்து இன்று காலையே பதில் வந்துவிட்டதாம், ஒரு பக்கத்துக்கு. இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார்கள்.