உங்க ஓட்டு போட்டாச்சேம்மா

2011 சட்டமன்றத் தேர்தல் நாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் காலையில் கிளம்ப முடியாமல், மதியம் மூன்று மணி வாக்கில்தான் அம்மா ஓட்டுப் போடப் போனார். வரிசையில் நின்று உள்ளே போனதும் பட்டியலைப் பார்த்த அலுவலர், “உங்க ஓட்டு போட்டாச்சேம்மா” என்றார். அம்மா இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். மை இல்லை. வாக்காளர் அட்டையைக் காட்டினார். அலுவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மாவின் வரிசை எண்ணுக்கு நேரே ஒரு கைநாட்டு இருந்தது. முப்பது வருடம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவர் என் அம்மா.

அங்கே உட்கார்ந்திருந்த பூத் ஏஜென்ட்டுகளில் இரண்டு பேருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. “வயசானவங்க, மாத்திப் போட்டிருப்பாங்க, விடுங்கக்கா” என்று ஒருவர் சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “எந்தச் சின்னத்துக்குப் போட்டாங்கன்னாவது தெரியுமா?” அதை யாராலும் சொல்ல முடியாது. ரகசிய வாக்குரிமை அந்தத் திருடனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

அன்று அம்மாவுக்கு ஓட்டு இருந்தது. தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (49P) என்று ஒன்று உண்டு. உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் உண்மையான ஆள் என்பது அலுவலருக்குத் திருப்தியாகும்படி பதில் சொன்னால், உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தரவேண்டும். டெண்டர் ஓட்டு என்பார்கள். அதில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். இதை அந்த அறையில் இருந்த யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. போலி ஆள் வந்து நின்ற நேரத்தில் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபித்திருந்தால், அலுவலர் அந்த இடத்திலேயே விசாரித்தாக வேண்டும் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

இந்த டெண்டர் ஓட்டைப் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று. அப்படி ஒரு விதியே கிடையாது. உண்மை இதைவிடக் கசப்பானது. வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைத் திறக்கவே மாட்டார்கள். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சொன்னால்தான் திறப்பார்கள். கள்ள ஓட்டு எண்ணப்படும், நிஜமான ஓட்டு உறைக்குள் கிடக்கும். 2008-ல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி 62,215 ஓட்டு வாங்கி ஒரே ஓட்டில் தோற்றார். அங்கே இந்த டெண்டர் ஓட்டுப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓர் ஓட்டு என்ன செய்துவிடும் என்று அம்மாவைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு இதை ஒருநாள் சொல்லவேண்டும் என்று இருந்தது எனக்கு.

இந்த அனுபவத்துக்குப் பிறகும், தேர்தல் முடிவு வந்த அன்று மாலையே “மெஷின்ல பண்ணிட்டாங்க” என்று தொடங்கும் பதிவுகளோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. எதைக் கேட்டாலும் “ஆணையத்தின் மாண்பைக் குலைக்காதீர்கள்” என்பவர்களோடும் முடியவில்லை. ஜெயித்தவருக்குச் சந்தேகம் வராது. தோற்றவர் தானே சரிபார்த்து, “சரி, தோற்றுத்தான் போனேன்” என்று ஒப்புக்கொள்ளும்படி தேர்தல் நடக்கவேண்டும். அதற்கு ஆவணங்கள் அவர் கையில் இருக்கவேண்டும். அந்த ஆவணங்களை எவ்வளவு திறந்து வைக்கிறோம் என்பதில்தான் என் கவலை எல்லாம்.

மெஷினை முதலில் பேசிவிடுகிறேன். 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாக மின்னணு இயந்திரம் வைத்தபோது, சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது. சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மெஷின் மறுபடி வந்தது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து எல்லாத் தொகுதியிலும் அதுதான். மெஷினைக் கேள்வி கேட்பது தேசத் துரோகம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேள்வி கேட்டதால்தான், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டே வந்தது. இன்று ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத் வீதம் அந்தச் சீட்டுகளை எண்ணி மெஷினோடு ஒப்பிடுகிறார்கள். தமிழ்நாடு முழுக்க 234 தொகுதிக்கு 1,170 பூத். 2024 ஏப்ரல் தீர்ப்பில், எல்லாச் சீட்டையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் கேட்டால் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்க வழி செய்தது. என்னைக் கேட்டால், வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் தொகுதியில் மட்டுமாவது எல்லாச் சீட்டையும் எண்ணிவிடலாம். அதிகபட்சம் இன்னும் ஒருநாள் ஆகும். ஐந்து வருட ஆட்சிக்கு அது ஒரு பெரிய விலையா?

மெஷினைவிட நான் பயப்படுவது வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான். அம்மாவின் ஓட்டு போனதும் பட்டியல் வழியாகத்தானே? காலையில் வராதவர் யார், ஊரில் இல்லாதவர் யார், செத்தும் பெயர் நீங்காதவர் யார் என்று தெரிந்தவன்தான் கைநாட்டு வைக்க ஆள் அனுப்புவான்.

இப்போது அதற்கு நேர் எதிரான இன்னொரு வித்தையும் வந்துவிட்டது. ஆள் அனுப்பி ஓட்டுப் போடுவதற்குப் பதில், போடக்கூடியவரின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு ஆளந்து தொகுதியில் பெயர் நீக்கக் கோரி இணையத்தில் 6,018 விண்ணப்பங்கள் வந்தன. படிவம் 7. சந்தேகம் வந்து வீடு வீடாக விசாரித்ததில், நியாயமானவை 24 மட்டும். மீதி 5,994-ம் தள்ளுபடி. அதிகாரிகளே போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரித்ததால் அவ்வளவு பேரின் ஓட்டும் பிழைத்தது. ஆனால் அந்த விண்ணப்பங்களுக்குப் பின்னால் யார் என்ற விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இது எனக்கு ஆறவே இல்லை. திருட வந்தவன் பூட்டை உடைக்கும்போது பிடிபடாமல் ஓடியிருக்கிறான், ஆண்டுக்கணக்கில் சாவிக்கொத்து அவன் கையிலேயே இருந்தது.

அப்புறம் நம் ஊர்க் கதை. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) வீடு வீடாகக் கணக்கெடுக்கும் கட்டம் முடிந்து 2025 டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடி 5.43 கோடியாக இறங்கியிருந்தது. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் சுமார் 27 லட்சம் இறந்தவர்கள். இறந்தவர் பெயர் போகவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. என் அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றால் பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், அல்லது முகவரியில் இல்லாதவர்கள். இந்தக் கணக்கைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் மூன்று தெரு தள்ளிப் போவார்கள். வேலைக்குப் போய்விட்டதால் அலுவலர் வரும் நேரம் வீட்டில் இருக்கமாட்டார்கள். 2002, 2005 பட்டியலில் பெற்றோர் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று கேட்டால் கட்டிடத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவார்?

கள்ள ஓட்டு ஒன்று விழுந்தால் ஒரு நல்ல ஓட்டின் மதிப்பு அடிபடுகிறது. நல்ல ஓட்டு ஒன்று நீங்கினாலும் அதே நஷ்டம்தான். முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களும், இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களும் தங்கள் கட்சிக்கு எது வசதியோ அதைத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பீகாரில் இதே திருத்தத்தில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, அந்தப் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிடவேண்டியிருந்தது. யார் பெயர் ஏன் போனது என்று சொல்வதற்கு ஒரு நீதிமன்ற உத்தரவு எதற்கு? பட்டியலைப் படமாக ஸ்கேன் செய்து தராமல், கணினியில் தேடும்படி தந்தால் ஒரே நபர் இரண்டு இடத்தில் இருப்பதை ஒரு கல்லூரி மாணவர் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார். அதைத் தர மறுப்பதற்குத் தனியுரிமை, பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். கட்சிக்காரர்கள் கையில் அச்சடித்த பட்டியல் இருக்கும்போது அந்தக் காரணம் எனக்கு ஏறவில்லை.

திறந்து காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு சண்டிகர் மேயர் தேர்தல் இருக்கிறது. சின்னத் தேர்தல்தான். 2024 ஜனவரி 30 அன்று தலைமை அதிகாரியே எட்டு வாக்குச்சீட்டுகளில் பேனாவால் கிறுக்கி, அவற்றைச் செல்லாது என்றார். 20 ஓட்டு வாங்கியவர் 12 என்று தோற்றார், 16 வாங்கியவர் ஜெயித்தார். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்து முடிவை மாற்றியது. நாடு முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் விதியைத் திருத்தி, வாக்குச்சாவடிக் கேமரா பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி செய்தார்கள். அடுத்த மே மாதம், 45 நாளில் வழக்கு எதுவும் வரவில்லை என்றால் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் கடிதம் அனுப்பியது. தேர்தல் வழக்குப் போட சட்டம் தரும் அவகாசமும் 45 நாள்தான். ஆதாரத்தைப் பார்க்க விடாமல், ஆதாரத்தோடு வழக்குப் போடு என்றால் எப்படிப் போடுவது?

மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராதாபுரம். 2016-ல் அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் திமுகவின் அப்பாவுவை வென்றார். 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதுதான் சிக்கல். சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று ரவுண்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உறை மூடியபடியே இருக்க, 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ராதாபுரத்து மக்கள் ஐந்து வருடமும் தங்கள் எம்.எல்.ஏ. யார் என்பதை ஒரு சந்தேகத்தோடு வைத்துக்கொண்டு இருந்தார்கள். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

பணம் கொடுப்பதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது வேறு நோய். அரவக்குறிச்சி, தஞ்சாவூரில் 2016-ல் தேர்தலையே ரத்து செய்யவேண்டி வந்த நோய்.

குற்றம் சாட்டுபவர்களிடமும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் 17சி படிவத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது, ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் எண் என்ன என்று எழுதி, கையெழுத்திட்டு ஏஜென்ட்டுக்கு ஒரு நகல் தருகிறார். எண்ணும் மேசையில் அந்த எண்ணும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் மாறியது அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தாளை வாங்காமலே கிளம்பிப்போன ஏஜென்ட்டுகளை எனக்குத் தெரியும். காலையில் 50 ஓட்டு போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு வராமல் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவர்களையும் தெரியும். கட்சி ஊடகத்தில் மோசடி என்று முழங்குமுன் அத்தனை பூத்தின் 17சி-யையும் மேசைமேல் வைக்கட்டும். ஆணையமும் அதே படிவங்களை அன்று இரவே இணையத்தில் ஏற்றட்டும். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த தாளை எனக்கும் காட்டுவதில் என்ன ரகசியம்?

அதோடு ஒவ்வொரு பூத்திலும் எத்தனை டெண்டர் ஓட்டு விழுந்தது என்பதையும் முடிவோடு சேர்த்து வெளியிடவேண்டும். வாக்குச்சாவடி வாசலில், வேட்பாளர் பட்டியல் ஒட்டும் அதே சுவரில், “உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் உள்ளே வாக்குச்சீட்டு கேளுங்கள்” என்று பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும்.

2016-ல் அம்மா காலை ஆறேமுக்காலுக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுவிட்டார். அப்பா வீட்டில் தனியாக இருந்தார். கதவு திறந்ததும் உள்ளே போய்க் கையெழுத்தை முழுப் பெயராக, நிதானமாகப் போட்டுவிட்டுத்தான் பட்டன் பக்கம் போனாராம். அப்போதிருந்து இப்போது வரை அப்படித்தான் போகிறார்.