பகடை விழுந்த பிறகு எல்லாரும் மேதைதான்

இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் ஆட்டத்தில் முதல் உருட்டே 2-1 விழுந்தால் யாருக்கும் கடுப்பாகத்தான் இருக்கும், அது பகடையின் குணம், அதை மன்னித்துவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஆடும் போனை எட்டிப் பார்த்துக்கொண்டே, எதிராளி உருட்டி முடிக்கும்வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு, "அங்க ஏன்டா வச்சே?" என்று கேட்கும் எங்கள் மாமாவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2-1க்கு உருப்படியான வழி ரெண்டுதான். பலகையில் 24 கட்டம், நம் காய்கள் 24ல் இருந்து 1ஐ நோக்கி இறங்கும். 13ல் இருந்து ஒரு காயை 11க்கு இறக்குவது இரண்டுக்கும் பொது. மீதி 1ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தலைவலியே. 6ல் இருந்து ஒரு காயை 5ல் தனியாக வைக்கலாம், வெட்டுப்படாமல் தப்பினால் அடுத்த உருட்டில் 1, 3, 6 எது விழுந்தாலும் மேலே இன்னொன்றை வைத்து அந்த அருமையான இடத்தைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால் பின்னால் 24ல் நிற்பதில் ஒன்றை 23க்கு நகர்த்தலாம். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் 5ல்தான் வைத்தார்கள். 90களில் ஐபிஎம்மின் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற கணினி நிரல் தன்னோடு தானே ஆடிப் பழகி 23 பக்கம் போனதும் பலர் மாறிவிட்டார்கள். இன்றைய மென்பொருட்களைக் கேட்டால் இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

சரி, 5ல் வைத்தேன். எதிராளி வெட்டுவதற்கு 36ல் 15 வாய்ப்பு. 4 வருகிற 11 உருட்டுகள், 3-1 இரண்டு, அப்புறம் 1-1, 2-2. தப்ப 21 இருக்கிறது. விழுந்தது 4. காய் வெளியே, மறுபடி முதலில் இருந்து வரவேண்டும், 20 கட்டம் நஷ்டம். "நான் அப்பவே நினைச்சேன்" என்கிறார் மாமா! எப்பவே? இதே காய் போன ஆட்டத்தில் தப்பியபோது "செம" என்றது யார்? 23க்கு நகர்த்திய அன்றைக்கு எதிராளி 5-5 போட்டு ஜோடியாக என் தலையில் இறங்கியபோது "பின்னாடி இருக்கிறதை எதுக்குக் கிளப்பினே" என்றது யார்?

1979ல் மாண்டே கார்லோவில் உலக சாம்பியன் லூய்ஜி வில்லாவை பிகேஜி 9.8 என்ற கணினி நிரல் 7-1 என்று தோற்கடித்தது. அதை எழுதிய ஹான்ஸ் பெர்லினர் அப்புறம் ஆட்டத்தை அலசிப் பார்த்துவிட்டு, நன்றாக ஆடியது வில்லாதான், நிரலுக்குப் பகடை கைகொடுத்தது என்று அவரே சொன்னார். ஜெயித்த மனுஷன்! மாமா அங்கே இருந்திருந்தால் வில்லாவுக்கு வகுப்பே எடுத்திருப்பார்.

நேற்று 6-4 விழுந்தது. 2ல் இரண்டு காயை வைத்து ஜோடி கட்டலாம், 24ல் இருந்து ஒரே ஓட்டமாக 14க்கு வரலாம், 18க்கும் 9க்கும் பிரித்து வைக்கலாம், மூன்றும் ஏறக்குறைய சமம். போனை நேராக அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இப்பச் சொல்லுங்க மாமா, எதை ஆட?" என்றேன்.

"உன் ஆட்டம்டா, எனக்கென்ன தெரியும்."

14க்கு ஓடினேன். எதிராளி வெட்டினான்.

"ஜோடி கட்டியிருக்கலாம்ல?"