"அங்க எக்ஸாமே கிடையாதாமே?"

போன வாரம் கோவையிலிருந்து கல்லூரித் தோழன் கூப்பிட்டான். குடும்பத்தோடு நெதர்லாந்துக்கு வருகிறான். மகளை ஒன்பதாவது சேர்க்க வேண்டும். வீட்டு வாடகை, சைக்கிள், குளிருக்கு எந்த ஜாக்கெட் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டான்: "மாப்ள, அங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல எக்ஸாமே கிடையாதாமே? புள்ளைக்கு ஜாலிதான், இல்ல?"

2021-இல் ஆம்ஸ்டர்டாமை ஒட்டியிருக்கும் ஆம்ஸ்டெல்வேனுக்குக் கிளம்பும்போது இதே கேள்வியை, இதே சிரிப்போடு, நானும் ஒருவரிடம் கேட்டேன். "வாங்க, பாத்துக்கலாம்" என்றார் அவர். அந்தப் 'பாத்துக்கலாம்' என்பதற்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எழுதிவிடலாம் என உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும்.

டச்சுப் பள்ளியிலேயே சேர்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே 12 வயதிலேயே பிள்ளைகளைத் தொழிற்கல்வி, உயர் தொழிற்கல்வி, பல்கலைக்கழகம் என்று தடம் பிரித்துவிடுவார்கள். டச்சு ஒரு சொல் தெரியாமல் 14 வயதில் வந்து இறங்கும் பையன் முதலில் மொழி வகுப்பில் உட்கார வேண்டும். என் வேலை ஒப்பந்தமோ தற்காலிகம். ஆகவே இன்டர்நேஷனல் ஸ்கூல். அதிலும் தனியார் பள்ளி என்றால் வருஷத்துக்கு 20 ஆயிரம் யூரோவைத் தாண்டும், கம்பெனி கட்டினால்தான் உண்டு. எங்களுக்கு அரசு மானியம் வாங்கும் பள்ளியில் இடம் கிடைத்தது.

சேர்ந்து மூன்றாவது மாதம், பள்ளியிலிருந்து மின்னஞ்சல். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் உலகப்போருக்கான காரணங்களைப் பற்றி மகன் எழுதிய கட்டுரையில் சிக்கல். மேசையில் அதன் அச்சுப்பிரதி இருந்தது. முதல் பாராவிலிருந்து கடைசி பாரா வரை சிவப்பு, பச்சை, ஊதா என்று கோடு கோடாக வண்ணம். டர்னிட்இன் என்ற மென்பொருள், எந்த வரி எந்த இணையதளத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசித் தந்திருந்தது. வண்ணம் இல்லாமல் மிஞ்சியது அவன் பெயரும் தேதியும்தான்.

ஆசிரியை கோபப்படவில்லை. அவனைப் பார்த்து, "இதில் நீ என்ன நினைக்கிறாய் என்று எங்கே இருக்கிறது?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மூன்று முறை சாரி சொன்னேன், எதற்கென்றே தெரியாமல். அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம். முதல் முறை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

திரும்பி சைக்கிளில் வரும்போது எதிர்காற்று. கொஞ்ச தூரம் பேசாமல் மிதித்தவன் கேட்டான்: "அப்பா, தப்பு ஒண்ணுமே இல்லையே. எல்லாம் கரெக்டாத்தானே எழுதியிருந்தேன்?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கோவையில் அவன் படித்த பள்ளியில் அதே கட்டுரைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். புத்தகத்தில் உள்ளபடி, ஒரு வரி பிசகாமல், தலைப்புக்குக் கறுப்பு மை, முக்கியமான சொற்களுக்கு அடிக்கோடு. அவனுடைய எட்டாவது விடைத்தாள் ஒன்றில் சொந்தமாக எழுதிய ஒரு வரியைச் சுழித்து, பக்கத்தில் 'புத்தகத்தில் இல்லை' என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எட்டு வருஷம் நாம் ஒழுக்கம் என்று சொல்லிக்கொடுத்த ஒன்றுக்கு, விமானம் ஏறி இறங்கியதும் திருட்டு என்று பெயர். பிள்ளை என்ன செய்வான்?

நம் ஊர் முறையை மட்டம்தட்ட இதைச் சொல்லவில்லை. பொதுத்தேர்வில் லட்சக்கணக்கான விடைத்தாளை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும் என்றால் விடைக்குறிப்பில் உள்ள சொல்லைத்தான் தேடுவார்கள். அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. கலெக்டர் மகனும் கூலித் தொழிலாளி மகளும் அந்த மூன்று மணி நேரம் ஹாலில் தனியாகத்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் அப்பா கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறேன்.

பதினொன்றாவதில் ஐபி டிப்ளமோ தொடங்கியது. ஐபி என்றால் இன்டர்நேஷனல் பாக்கலாரியட், 1968-இல் ஜெனீவாவில் உருவான அமைப்பு. இந்த இரண்டு வருஷப் படிப்பை இங்கே எல்லோரும் 'டிபி' என்றுதான் சொல்வார்கள். ஆறு பாடம், மூன்று உயர்நிலை, மூன்று சாதாரண நிலை. பாடத்துக்கு 7 புள்ளி, ஆக 42. அதற்கு மேல் 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக்கட்டுரை, அறிவைப் பற்றிய 'டோக்' என்ற பாடம், இரண்டும் சேர்ந்து 3 புள்ளி. மொத்தம் 45. இது போக 'காஸ்': விளையாட்டு, கலை, சேவை என்று ஒன்றரை வருஷம் செய்து பதிவேற்ற வேண்டும். புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோவும் கிடையாது.

எக்ஸாம் இல்லையா என்றால், இருக்கிறது. மே மாதம் மூன்று வாரம், பாடத்துக்கு இரண்டு மூன்று தாள். ஆனால் பாரம் அங்கே மட்டும் இல்லை. இரண்டு வருஷமும் பரவிக் கிடக்கிறது. அநேகமாக எல்லாப் பாடத்திலும் 'ஐஏ' என்று ஒரு சொந்த ஆய்வோ, வாய்மொழித் தேர்வோ உண்டு. இயற்பியலிலும் கணக்கிலும் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். மேனேஜ்பேக் என்ற செயலியைத் திறந்தால் கெடு தேதிகள் வரிசையாக நிற்கும். நம் ஊர்ப் பிள்ளைக்கு மார்ச் வந்தால் காய்ச்சல். இவனுக்கு இரண்டு வருஷமும் 99 டிகிரியிலேயே இருந்தது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

'உன் சொந்த வேலையாக இருக்க வேண்டும்' என்பதுதான் இந்தக் கல்வியின் உயிர். நல்ல கொள்கை. ஆனால் சொந்தம் என்பதற்கு ஆகும் செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஐஏவின் வரைவை ஆசிரியர் ஒரே ஒரு தடவைதான் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்பது ஐபி விதி. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஆனால் ஜூம் வழியாக வரும் டியூஷன் ஆசிரியருக்கு எந்த விதியும் இல்லை. மணிக்கு 60 யூரோ கொடுத்தால் பத்து வரைவு படிப்பார். தலைப்பு அவரே தருவார், வரைபடம் எப்படிப் போட வேண்டும் என்பார், முடிவுரையில் எந்தச் சொல் வந்தால் மதிப்பெண் ஏறும் என்பார். மகனின் வகுப்பில் ஒரு பையனுக்கு மூன்று பாடத்துக்கு மூன்று பேர். இன்னொருத்திக்கு ஆள் வைக்கத் தேவையே இல்லை, அம்மா உயிரியலில் முனைவர். சாப்பாட்டு மேசையே ஆய்வுக்கூடம். டர்னிட்இன்னில் போட்டால் இவர்கள் எழுதியதில் ஒரு கோடுகூட வராது. இணையத்தில் இருந்தால்தானே வரும்?

பொதுத்தேர்வு ஹாலில் பக்கத்தில் அப்பா கிடையாது என்றேனே, அது இதற்குத்தான்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியல் ஐஏவுக்கு அவன் எடுத்தது கேரம் போர்டு. பலகையில் பவுடரின் அளவு கூடக் கூட ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கேள்வி. போரிக் பவுடருக்கு ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் போரிக் அமிலம் இனப்பெருக்க நலனுக்குக் கேடு செய்யும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறதாம். நாம் ஊரில் உள்ளங்கையில் கொட்டி ஊதி விளையாடியது. அதனால் கடையில் கிடைக்கும் உருளைக்கிழங்கு மாவு. ஒரு சாய்பலகையின் மேலிருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் ஸ்ட்ரைக்கரை விட வேண்டும். அது நிற்கும் இடத்தில் பென்சில் கோடு, டேப்பால் அளவு. பள்ளித் தராசில் மாவை நிறுத்துக் குட்டிக் குட்டிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தான். மாவு கூடக் கூடத் தூரம் ஏறியது, ஓர் அளவுக்கு மேல் குறைந்தது. மூன்றாம் நாள் எண்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை.

கெடுவுக்கு முந்தைய இரவு, அவன் தூங்கிய பிறகு, நான் அவன் கணினியைத் திறந்தேன். படித்தது இயந்திரவியல். கை சும்மா இருக்குமா? முடிவுரையை எடுத்து மசகு, உராய்வு, அந்த உராய்வு எப்படி மாறும் என்று காட்டும் ஸ்ட்ரிபெக் வளைவு என்று ஒன்றரைப் பக்கம் திருத்தி எழுதினேன். ஒட்டாத மூன்றாம் நாள் எண்களை விட்டுவிடலாம் என்று ஓரத்தில் குறிப்பும் போட்டேன். அருமையாக இருந்தது, சத்தியமாக.

காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டே படித்தான். "இது நான் இல்லப்பா. மிஸ் இத என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றான். ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தான். மூன்றாம் நாள் எண்களை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இப்படி எழுதினான்: அன்று காலை அம்மா பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார், அது தெரியாமல் நான் அளந்துவிட்டேன், அடுத்த முறை பலகை உலர ஒரு நாள் விட வேண்டும். அந்த ஐஏவின் 24 மதிப்பெண்ணில், எங்கே பிசகியது என்று சொல்லும் பகுதிக்கு மட்டும் 6. அதில் அவன் வாங்கியது 5. முடிவுரைக்கு 3தான், அங்கே என் ஸ்ட்ரிபெக் இருந்திருந்தால் கூடியிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் "எல்லாம் கரெக்டாத்தானே" என்று கேட்ட அதே பையன்.

ஆகவே பள்ளி கற்றுத்தரவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாகக் கற்றுத்தந்தது. மதிப்பிடும் முறைதான் பிள்ளையையும் பிள்ளையின் வீட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நிற்கிறது. சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் மோசம். 2023-இலேயே அதைத் தடை செய்யப்போவதில்லை, பயன்படுத்தினால் மேற்கோள் காட்ட வேண்டும் என்று ஐபி சொல்லிவிட்டது. மேற்கோள் காட்டாதவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் ஆசிரியர்களே சிரிக்கிறார்கள். சாட்ஜிபிடி உதவி ஏழைக்கும் கிடைக்கிறதே, சமம்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். எல்லோரும் எழுதாமல் இருப்பது என்ன சமம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒழுங்காக ஹாலில் நடக்கும் தேர்வும் தப்பவில்லை. 2024 மே மாதக் கணக்குத் தேர்வில், நேர வித்தியாசத்தால் முதலில் எழுதி முடித்த நாடுகளில் சில மாணவர்கள் கேள்விகளை நினைவிலிருந்து இணையத்தில் ஏற்ற, பிறகு எழுதியவர்கள் பார்த்துவிட்டதாகப் பெரிய ரகளை. மனப்பாடத்துக்கு அங்கேயும் வேலை இருந்திருக்கிறது!

என் கட்சி இதுதான்: எழுத்து வேலையில் பாதியாவது வகுப்பிலேயே, ஆசிரியர் கண்முன் நடக்கட்டும். மீதிக்கு, எழுதியவனை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பேசுங்கள். ஆய்வுக்கட்டுரைக்கு அப்படி ஓர் உரையாடல் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒவ்வொரு ஐஏவுக்கும் வைத்து, மதிப்பெண்ணும் கொடுங்கள். "இந்த வளைவு என்ன?" என்று ஒரே கேள்வி கேட்டால் என்னைப் போன்ற அப்பாக்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வோம்.

பிள்ளைகளின் மற்ற வாழ்க்கையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் நாலைந்து பேர் நாடு மாறிப் போவார்கள். முதல் வருஷம் அழுதான். இரண்டாம் வருஷம் புதிதாக வருகிறவர்களிடம், "நீ எத்தனை வருஷம் இருப்ப?" என்று முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் பழகினான். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என்ன சொல்வது?

கோவைத் தோழனிடம் இதெல்லாம் சொல்லவில்லை, பயந்துவிடுவான். ஒன்று மட்டும் சொன்னேன். "கிளம்பறதுக்குள்ள வாரம் ஒரு நாள் பாப்பாவ அரைப் பக்கம் எழுதச் சொல்லு. ஏதாவது படிச்சிட்டு, புத்தகத்த மூடி வச்சிட்டு, அவளுக்கு என்ன தோணுதோ அத. நீ திருத்தாத."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்:

"சரி மாப்ள. அதுக்கு மார்க் யாரு போடுவாங்க?"