எம்ஜிபி-யில் சில் வெறும் வெளித்தகடு அல்ல

எம்ஜிபி (MGB) ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். "எம்ஜிபி-யில் கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) துருப்பிடித்தால் கவலை வேண்டாம், அடியில் சேஸி (காரைத் தாங்கும் சட்டகம்) தனியாக இருக்கிறது, மேலே ஒரு தகடு ஒட்டி பெயின்ட் அடித்தால் போதும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் கார் வாங்கிவிடாதீர்கள்.

தனிச் சேஸி இருந்தது இதற்கு முந்தைய எம்ஜிஏ-வில். 1962-ல் வந்த எம்ஜிபி மோனோகாக், அதாவது உடலேதான் சட்டகம். அதன் திறந்த வகையான ரோட்ஸ்டரில் நிலையான கூரையும் கிடையாது. அதனால் காரை நடுவில் தொய்யாமல் தாங்குவதில் பெரும்பங்கு சில்லுக்குத்தான். வெளியே தெரியும் தகட்டுக்குப் பின்னால் இன்னும் அடுக்குகள் உண்டு. துரு பெரும்பாலும் உள்ளேதான் தொடங்கும். மேல்தகடு ஒட்டினால் அந்தத் துரு மறையும், நிற்காது.

வாங்கப் போகும்போது ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி சுருங்கினாலோ கதவு இடித்தாலோ உடல் வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம்.

சரிசெய்யவே முடியாது என்று சொல்லவில்லை. கதவு வாசலின் குறுக்கே கம்பி வெல்டு செய்து இறுக்கிய பிறகே பழைய சில்லை வெட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். முழு வெல்டிங்குக்கு முன் கதவை மாட்டி இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம். தகடுகள் புதிதாகவே கிடைக்கின்றன. 1798 சிசி என்ஜினும் எளிமையானது, அதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.