டைப்-சி அடாப்டர் வெறும் ஒயர் மட்டும்தானா?

டைப்-சியிலிருந்து 3.5 மிமீ ஹெட்போனுக்குப் போகும் அடாப்டர் எல்லாமே வெறும் ஒயர், டிஜிட்டல் சிக்னலை ஒலியாக மாற்றும் டாக் (DAC) சிப் போனுக்குள்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சில போன்களுக்கு அது சரிதான். அவை டைப்-சி வழியாகவே, ஹெட்போன் அப்படியே ஏற்கும் அனலாக் ஒலியை அனுப்பும். ஆனால் பல போன்கள் டிஜிட்டல் சிக்னலை மட்டும்தான் தரும். அதை ஒலியாக மாற்றும் சிப் அடாப்டரின் தலைப்பகுதியிலேயே, விரல் நுனியளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆப்பிளின் குட்டி அடாப்டரும் இந்த வகைதான்.

உங்களுடையது எது என்று நீங்களே பார்த்துவிடலாம். அடாப்டரில் ஹெட்போனைச் செருகி (சில அடாப்டர்கள் அதற்குப் பிறகுதான் விழிக்கும்), லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் மாட்டுங்கள். சவுண்ட் செட்டிங்ஸில் புதிதாக ஒரு ஆடியோ சாதனம் தெரிந்தால் உள்ளே சிப் இருக்கிறது. வெறும் ஒயராக இருந்தால் அங்கே எதுவும் வராது.