எரிச்சல் நின்றது, மாற்றம் நிற்கவில்லை
"அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பாரெட் உணவுக்குழாய் தானாகச் சரியாகிவிடும்" என்று இங்கே வந்த கட்டுரையில் இருக்கும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பாரெட் என்பது, வயிற்று அமிலம் வருடக்கணக்கில் மேலேறி உணவுக்குழாயின் உட்படலம் குடலின் உட்படலம் போல மாறிவிடும் நிலை. மாத்திரை எரிச்சலைத் தணிக்கும், புண்ணை ஆற்றும். ஆனால் அப்படி ஏற்கெனவே மாறிப்போன செல்களைப் பெரும்பாலும் பழையபடி ஆக்காது. என் அப்பாவுக்கு இருபது வருட நெஞ்செரிச்சல். பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆரம்பித்ததும் ராத்திரி எதுக்களிப்பு நின்றது, சரி, குணமாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்தபோதுதான் வெளிறிய உணவுக்குழாயில் நாக்கு நாக்காகச் சிவந்த படலம் தெரிந்தது. அதிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்ததில் (பயாப்சி) ஆரம்பநிலை டிஸ்பிளேசியா, அதாவது பின்னால் புற்றுநோயாகக்கூடிய செல் மாற்றம். இரண்டாவது நோயியல் மருத்துவரும் அதே ஸ்லைடைப் பார்த்து உறுதி செய்த பிறகே சிகிச்சைக்குப் போனோம். இதை யாரும் தவறவிடாதீர்கள், வீக்கத்தால் வரும் மாற்றமும் டிஸ்பிளேசியா போலவே தெரியலாம். உணவுக்குழாயையே எடுத்துவிடுவார்களோ என்று கட்டுரைக்கான கருத்துகளில் பயந்து எழுதியிருக்கும் நண்பருக்கு: அப்பாவுக்கு எண்டோஸ்கோபி வழியாகவே ரேடியோ அலை வெப்பத்தால் அந்தப் படலத்தைச் சுட்டார்கள், மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் சில நாள் நெஞ்சுவலி, கஞ்சி மட்டும். 2009-இல் வெளியான 127 பேர் ஆய்வில், ஆரம்பநிலை டிஸ்பிளேசியா இருந்தவர்களில் இந்தச் சிகிச்சை பெற்ற சுமார் 90 சதவீதம் பேருக்கு அது மறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 23 சதவீதம்தான். டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்குப் பொதுவாகச் சுட வேண்டியதில்லை, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி போதும். அப்பா மாத்திரையை இன்றும் நிறுத்தவில்லை, பரிசோதனைக்கும் தவறாமல் போகிறார்.